கால் மாறிய படம்

2025 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறரை மணி. சிவகாசியில் ஒரு கோயிலின் நவராத்திரி மேடையில் வர்ணம் ஆட ஆர்த்திக்கு ஒதுக்கியிருந்த நேரம் அது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறுகளில் அதுவும் ஒன்று என்பதால், சாத்தூர் நெடுஞ்சாலையில் இருக்கும் அப்பாவின் பட்டாசுக் கடையில் பில் போட அவளுக்கு ஒதுக்கியிருந்த நேரமும் அதுவேதான்.

ஆர்த்திக்கு இருபத்து மூன்று வயது. எம்.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு. வீடு சாத்தூரில், கல்லூரி விருதுநகரில், பரதநாட்டிய வகுப்பு சிவகாசியில். மூன்று ஊருக்கும் நடுவே பஸ்ஸில்தான் அவள் வாழ்க்கையின் பாதி போகிறது. படிப்பதும் பஸ்ஸில், தூங்குவதும் பஸ்ஸில். பையில் சலங்கை இருப்பதால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் சத்தம் வரும். "பைக்குள்ள ஆட்டுக்குட்டியா? அதுக்கும் டிக்கெட் எடும்மா" என்று சிவகாசி வண்டியின் கண்டக்டர் வாரம் தவறாமல் சொல்வார். முதல் தடவை சிரித்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

அதே பையில்தான் லேப் கோட்டும் பயிற்சிச் சேலையும். கோட்டில் ஒட்டிய ஆசிட் சேலையில் பட்டுச் சின்னச் சின்னப் பொத்தல்கள். நடன ஆசிரியை கற்பகவல்லி அதைப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டு எலியும் கெமிஸ்ட்ரி படிக்கிறதா என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டார். கல்லூரியில் அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியருக்கோ நடனம் என்றாலே ஆகாது. ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் திங்கட்கிழமைக்குள் வர வேண்டும் என்பார், எந்த வாரம் கேட்டாலும். பூச்சட்டி என்கிற புஸ்வாணத்தில் பச்சை நிறம் வரப் பேரியத்துக்குப் பதிலாகப் போரான் உப்பைப் பயன்படுத்த முடியுமா என்பது அவள் ஆய்வு. அப்பா காசிராஜனுக்கு அதில் பெருமைதான். "கண்டுபிடிம்மா, நமக்குத்தான் நல்லது. ஞாயித்துக்கெழமை மட்டும் கண்டுபிடிக்காத" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கல். பட்டாசு வாங்க மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வேன் வேனாக வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். ஆர்த்தி பில் போட்டால் வரிசை நகரும், வேறு யார் உட்கார்ந்தாலும் தேங்கும். அதனால் போன வருடம் நவராத்திரிக்கு அவள் ஆடவில்லை. அதற்கு முந்தைய வருடமும் ஆடவில்லை. இரண்டு முறையும் அவள் இடத்தில் பிரீத்திகா ஆடினாள். பிரீத்திகா நல்ல பெண். அவள் வீட்டில் பட்டாசுக் கடை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வருடம் கற்பகவல்லி முன்கூட்டியே சொல்லிவிட்டார். வர்ணம் என்பது கச்சேரியின் பெரிய உருப்படி, முக்கால் மணி நேரம் நிற்காமல் ஆட வேண்டியது. இதையும் விட்டுவிட்டால் இனி அவளுக்கென்று எதுவும் வைக்கப் போவதில்லை.

ஆர்த்தி அப்பாவிடம் அந்த ஒரு ஞாயிறைக் கேட்டாள். "பாப்போம்" என்றார் காசிராஜன். அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு அகராதி வேண்டாம். வேண்டாத சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிற ஏஜெண்டுகளிடமும் அவர் பாப்போம் என்றுதான் சொல்லி அனுப்புவார்.

ஆவணிக் கடைசியில் ஒருநாள் மாலை அவர் ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். வழக்கமாகக் கடைச் சாவியை மாட்டிவிட்டுச் சாப்பிட உட்காருகிறவர், அன்று பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். ஏழாயிரம்பண்ணையில் அவருடைய பெரியப்பா மகன் கம்பெனியில் செய்த பூச்சட்டி. லேபிள் சிவகாசியில் அடித்தது. பெயர் 'ஆர்த்தி ஸ்பெஷல்'. பெயருக்குப் பக்கத்தில் முழு நாட்டிய உடையில், ஒரு காலைத் தூக்கி நடராஜர் கோலத்தில் ஆர்த்தி. ஆர்த்தி அனுப்பியிருந்த கல்லூரி விழாப் படத்தை அம்மா பொன்னுத்தங்கம் தன் போனிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார்.

ஒரு நொடி ஆர்த்திக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நொடி பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"படம் திரும்பியிருக்குப்பா."

காசிராஜன் பெட்டியை வாங்கிப் பார்த்தார். "நேராத்தானம்மா இருக்கு?"

தலைகீழாக இல்லை, இடம் வலமாக மாறியிருக்கிறது என்று அவள் விளக்கினாள். லேபிள் வரைந்தவர் வலது பக்கம் தீப்பொறிக்கு இடம் வேண்டும் என்று படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டிருக்கிறார். நின்ற கால் வலது, தூக்கிய கால் இடது என்பது மாறிவிட்டது. அதைவிட மோசம், அபயம் காட்ட வேண்டிய வலது கை கீழே போய், இடது கை ஆசீர்வாதம் செய்துகொண்டிருக்கிறது. "கடையில நீங்க இடது கையால பொருள் எடுத்துக் குடுப்பீகளாப்பா?"

அது அவருக்குச் சுருக்கென்று பட்டது. பெட்டியை மேஜையில் திரும்ப வைத்தார். பிறகு வியாபாரிக்கே உரிய வேகத்தில் ஒரு பதில் கிடைத்தது.

"மதுரை வெள்ளியம்பலத்துல சாமியே கால் மாறித்தான ஆடியிருக்காரு?"

"பாண்டிய ராசா கேட்டுக்கிட்டாரு, சாமி கால மாத்துச்சு. என்கிட்ட யாரு கேட்டீக?"

பொன்னுத்தங்கம் தோசையைத் திருப்பிப் போடும் சாக்கில் உள்ளே போய்விட்டார். அச்சகத்துக்காரருக்குத் தெரியவில்லை என்றால் பரவாயில்லை. அப்பா, அம்மா, பூச்சட்டி செய்த சித்தப்பா, லேபிளுக்குச் சரி சொன்ன அத்தனை பேரும் ஆர்த்தியின் வீட்டு ஆட்கள். ஒரு தடவை அவள் ஆடுவதை உட்கார்ந்து பார்த்திருந்தால் யாராவது ஒருவருக்குத் தட்டுப்பட்டிருக்கும். கல்லூரி விழாவும் ஒரு சீசன் நாளில்தான் நடந்தது, வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

மறுநாள் காலை காசிராஜன், வடக்கே அனுப்பிய முதல் லோடு நாக்பூர் தாண்டிவிட்டதாகத் தகவல் சொன்னார். படம் போனது போகட்டும், இருபத்தெட்டாம் தேதி என்னை விடுங்கள் என்றாள் ஆர்த்தி. பாப்போம் என்றார்.

அந்த வாரமே பெட்டி நடன வகுப்புக்கும் வந்துவிட்டது. யாரோ ஒரு மாணவியின் அப்பா அன்போடு வாங்கிக் கொடுத்தது. கற்பகவல்லி அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். தன் மாணவி இடது கையால் ஆசீர்வாதம் செய்துகொண்டு வடக்கே ஊர் ஊராகப் போவதை அவரால் தாங்க முடியவில்லை. கடைசியில், "மேடையில நேரா ஆடிக் காட்டு. அஞ்சரைக்கு மேக்கப்புக்கு வரலைன்னா பிரீத்திகா ஆடுவா" என்றார்.

இருபத்தெட்டாம் தேதி காலையிலிருந்தே கடை வாசலில் வேன்கள். ஆர்த்தி பில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, வரிசை சற்று ஓயும்போதெல்லாம் போனில் இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்தாள். எழுதிய ஒரு வாக்கியத்தையே மூன்று முறை எழுதினாள். பதினொரு மணிக்குத் திண்டுக்கல் பக்கத்து அம்மா ஒருவர் பூச்சட்டிப் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது நீயாம்மா என்று கேட்டார். அவ்வளவுதான். வரிசையில் பின்னால் வரை செய்தி போய்விட்டது. பில் வாங்கியவர்கள் போகாமல் போட்டோவுக்கு நின்றார்கள். 'ஆர்த்தி ஸ்பெஷல்' அடுக்கு மதியத்துக்குள் பாதி காலி. காசிராஜன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

மூன்று மணிக்கு அவள் அப்பாவிடம் போய், கிளம்பட்டுமா என்றாள். "நீ அங்கன உக்காந்திருந்தாலே யாவாரம் ஆகுதும்மா. இந்த வேன் மட்டும் போகட்டும், பாப்போம்" என்றார்.

அந்த வேன் போனது, இன்னொன்று வந்தது. நாலரை மணி ஆகிவிட்டது. தேனியிலிருந்து வந்த குடும்பத்தில் ஒருவர், பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு படத்தில் உள்ளபடியே ஒரு தடவை நிற்கும்படி கேட்டார். குழந்தைகளுக்குக் காட்ட வேண்டுமாம். காசிராஜன் தூரத்திலிருந்து கையைக் காட்டினார், நில்லும்மா, நில்லு என்று. ஆர்த்தி நாற்காலியை விட்டு எழுந்தாள். வலது காலை ஊன்றி, இடது காலைத் தூக்கி, வலது கையில் அபயம் பிடித்தாள்.

போனை நீட்டியிருந்தவர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "தப்பா நிக்கிறீங்கம்மா. படத்துல வலது காலு."

அவள் காலை இறக்கினாள். மேஜைக்கு அடியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். சலங்கைச் சத்தம் கேட்டு வரிசை தானாகவே வழி விட்டது. காசிராஜன் எங்கே போகிறாய் என்று கேட்டபடி பின்னாலேயே வாசல்வரை வந்தார்.

"சரியான கால் தூக்குற எடத்துக்கு" என்றாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், சாப்பாட்டுத் தூக்கோடு அப்போதுதான் கடைக்கு வந்த பொன்னுத்தங்கம், தூக்கைக் கீழே வைத்துவிட்டு பில் மெஷின் நாற்காலியில் உட்கார்ந்ததைக் கண்டிருப்பாள். மெஷினில் எந்தப் பொத்தான் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. பேனாவும் தாளும் கேட்டார்.

நெடுஞ்சாலை முழுக்கப் பட்டாசு வாங்க வந்த வண்டிகள். சிவகாசி பஸ் சாத்தூரைத் தாண்டவே நேரம் எடுத்தது. கண்டக்டர் ஆட்டுக்குட்டியைப் பற்றி ஆரம்பித்தார், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறே கால். பிரீத்திகா முழு அலங்காரத்தில் பக்கவாட்டில் நின்றிருந்தாள். ஆர்த்தியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. தப்பு செய்தவள்போல் தலையைக் குனிந்துகொண்டாள். அது ஆர்த்திக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கற்பகவல்லி திட்டவில்லை. கடைசித் தில்லானாவை மட்டும் அவளுக்குக் கொடுத்தார். அதற்குள் கூட்டத்தில் பாதி சுண்டல் வரிசைக்குப் போயிருந்தது. ஆர்த்தி பத்து நிமிடம் ஆடினாள். முடிவில் இடது காலைத் தூக்கி நின்றாள். அசையாமல், வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். முன்வரிசையில் அவளுக்குத் தெரிந்தவர் என்று யாரும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அம்மா கூப்பிட்டார்.

"ரெண்டு பில்லு தப்பாப் போட்டுட்டேன். அப்பா கத்துறாரு. நீ ஆடிட்டியா?"

"தில்லானா மட்டும்."

"அது பெருசா, சிறுசா?"

"சிறுசு."

"அப்பப் பெருசு பாக்கி இருக்கு" என்றார் அம்மா.

திங்கட்கிழமை கொடுத்த இரண்டாம் அத்தியாயம், திருப்பி எழுதச் சொல்லும் மூன்றே வரிக் குறிப்போடு அன்று மாலையே திரும்பி வந்தது. தீபாவளி முடிந்து கணக்குப் பார்த்தபோது, அன்று பொன்னுத்தங்கம் போட்ட பில்களில் தப்பானவை இரண்டு அல்ல, இன்னும் பல என்று தெரிந்தது. காசிராஜன் அவற்றைத் தன் கையாலேயே திருத்தி எழுதினார்.

மார்கழிக்கு அவளுக்கு வர்ணம் கிடைத்திருக்கிறது. டிசம்பர் 21, அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். கடையில் ஞாயிறுகளுக்குப் பில் போட ஹரிபிரசாத் என்று புது ஆள் கார்த்திகை முதல் ஞாயிறிலிருந்து வருகிறார்.