பேச்சி மதினியின் நிரை

எனக்குச் சாமி உண்டு, பேய் கிடையாது. யாராவது முனி, கருப்பு என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபது வருடமாக ஏலக்காட்டில் வேலை பார்க்கிறேன். பாம்பைப் பார்த்திருக்கிறேன், காட்டுமாட்டைப் பார்த்திருக்கிறேன், வேறு ஒன்றையும் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிக்கிறார். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு நீட்டிச் சொல்ல வராது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஊர் போடிக்குப் பக்கம். விடிவதற்கு முன்னால் ஜீப்பு வரும். பொம்பளைகள் பதினாலு பேர் ஏறுவோம். முன்னால் டிரைவரும் கங்காணியும். போடிமெட்டு ஏறி, அதற்கு அந்தப் பக்கம் தோட்டம்.

மார்கழிக் குளிர் என்றால் கீழே இருப்பவர்களுக்குக் கோலம் போடும்போது விரல் சில்லிடும், அவ்வளவுதான். எட்டு மணிக்கு வெயில் வந்துவிடும். மேலே அப்படி இல்லை. கொண்டுபோன சோறு மதியத்துக்குள் கல்லாகிவிடும். விரல் மடங்காது. மத்தியானத்துக்கு மேல் மஞ்சு இறங்கும். மூடுபனியை மலையில் மஞ்சு என்போம், மலையாளத்துக்காரர்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட பேச்சு. மஞ்சு இறங்கினால் நாலு மணிக்கு வண்டி எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் ரோடு தெரியாது. "வெரசா ஏறுங்கத்தா, மஞ்சுக்குள்ள என் கண்ணு ஒங்க மாமியா கண்ணு மாதிரி. நல்லது ஒண்ணுந் தெரியாது" என்பார் டிரைவர்.

ஜீப்பின் பின்பக்கம் குளிருக்குப் படுதாவை இறக்கிக் கட்டிவிடுவோம். உள்ளே இருட்டாக இருக்கும். எல்லாரும் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டு, வாயைத் துண்டால் கட்டியிருப்போம். எவள் யார் என்று தெரியாது. கங்காணி முன்னால் இருந்தபடியே ஒவ்வொரு பேராகச் சொல்வார். பக்கத்தில் இருக்கிறவள் "இருக்கா" என்பாள். அவளவள் தனக்குத் தானே சொல்ல வேண்டும் என்று அப்போது சட்டம் இல்லை. யாருக்கு யார் சொல்கிறோம் என்றும் கணக்கில்லை.

எங்களோடு பேச்சி என்று ஒருத்தி வந்தாள். எனக்கு மதினி முறை. அவளுக்கு வலது கட்டைவிரலில் நகம் கிடையாது, கதவில் நசுங்கி விழுந்தது, பிறகு முளைக்கவில்லை. ஏலக்காயைச் சரத்திலிருந்து எடுக்கும்போது காம்பு ஒட்டாமல் நகத்தால் கிள்ள வேண்டும். மதினிக்கு அது முடியாது. அவள் எடுத்த காய் எல்லாம் காம்போடு இருக்கும். எடை போடும் இடத்தில் பையைத் திறந்தாலே பேச்சி காய் என்று தெரிந்துவிடும். "ஏத்தா பேச்சி, நம்ம விக்கிறது காயா, காம்பா?" என்று கங்காணி கேட்பார். "ரெண்டையுந்தான் சொமந்து வந்துருக்கேன், பிடிச்சத எடுத்துக்கிருங்கண்ணே" என்பாள் மதினி.

இரண்டு மார்கழிக்கு முன்னால் ஒரு நாள் நல்ல மஞ்சு. வண்டியில் ஏறினோம். கங்காணி பேர் சொன்னார். பேச்சி என்றார். "இருக்கா" என்று ஒரு குரல் வந்தது. மஞ்சுக்குப் பயந்து போடிமெட்டில் டீக்குக்கூட நிறுத்தாமல் வண்டி இறங்கிவிட்டது. பேச்சி வண்டியில் இல்லை. ஊருக்கு வந்து இறங்கும்போதுதான் தெரிந்தது. டிரைவர் அந்த இருட்டிலேயே திரும்பப் போனார், மஞ்சில் பாதி மலை கூட ஏற முடியவில்லை. விடிந்து போய்ப் பார்த்தபோது மதினி அவளுக்கு விட்ட செடி வரிசையில், அவள் நிரையிலேயே, ஒரு செடியின் தூரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வழுக்கி விழுந்து கால் ஒடிந்திருக்கிறது. பனியில் விறைத்துச் செத்துப் போயிருந்தாள். பக்கத்தில் பை நிறையக் காய்.

யார் "இருக்கா" என்று சொன்னது என்று கங்காணி கேட்டார். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாதம் எல்லாரும் முகத்தைப் பார்த்துப் பார்த்து எண்ணினோம். அப்புறம் மதினி இடத்துக்கு வேறு ஒருத்தி வந்து மறுபடி பதினாலு ஆனோம், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. குளிரில் யார் துண்டை அவிழ்ப்பது?

போன மார்கழியில் அந்த நிரையை எனக்குக் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். யாராவது எடுக்கத்தானே வேண்டும்.

அன்றைக்கு மூன்று மணி இருக்கும். பக்கத்து நிரையில் முத்துமாரி. மேலிருந்து மஞ்சு வந்தது. வருகிறது என்று பார்க்கும்போதே முன்னால் இருந்த செடி போய்விட்டது, நீட்டின என் கை மங்கிவிட்டது. இலையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் மழை மாதிரி. இது புதுசு இல்லை. மஞ்சு வந்தால் ஒருத்திக்கு ஒருத்தி கூவிக் குரல் காட்டுவோம், கூ கொடுப்பது என்போம். நான் கூ கொடுத்தேன். முத்துமாரி திருப்பிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கொடுத்தேன். பதில் இல்லை. மேலே போயிருப்பாள் என்று நினைத்தேன்.

அங்கே வழி தேட ஒன்றுமில்லை. சரிவில்தான் தோட்டம், உச்சியில் ரோடு. ஏறினால் ரோடு, இறங்கினால் ஓடை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பை கால்வாசிதான் இருந்தது, ஆனாலும் ஏறும்போது இடுப்பில் இடித்தது. அவிழ்த்து ஒரு தூரில் வைத்துவிட்டு, ரோட்டைப் பார்த்துவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஏறினேன். செடியைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். மூச்சு வாங்குகிற அளவு ஏறினேன். காலில் ஏதோ தட்டியது. குனிந்து பார்த்தால் என் பை.

சுற்றி வந்திருப்பாய் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சுற்றலாம். ஆனால் ஒரு அடி கூட நான் இறங்கவில்லை. ஏறினவள் எப்படிக் கீழே விட்ட பைக்கு வந்தேன்?

பையைத் தூக்கினேன். கனமாக இருந்தது. பாதிக்கு மேல் காய்.

பனி கோத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பையை அங்கேயே போட்டுவிட்டு மறுபடி ஏறினேன். இந்தத் தடவை வாய் விட்டு எண்ணிக்கொண்டே ஏறினேன். இருநூறு வரை எண்ணினேன். எங்கள் நிரையை ஏறி முடிக்க இருநூறு எட்டு எடுத்து வைக்க வேண்டியதே இல்லை. இருநூற்றுச் சொச்சத்தில் பை காலில் தட்டியது. வாய் வரைக்கும் காய்.

கையை விட்டு ஒரு பிடி எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தேன். எல்லாம் காம்போடு இருந்தது.

அப்போதுதான் ஜீப்பு ஹாரன் அடித்தது. பக்கத்தில்தான். ஒரு வீட்டு வாசலிலிருந்து அடுத்த வீட்டு வாசல் தூரம்தான் இருக்கும். நான் கத்தினேன். கத்தினது என் வாயை விட்டே போகவில்லை, ஈரத் துணியை வாயில் அடைத்த மாதிரி. சத்தம் வந்த பக்கம் ஓடினேன். வெள்ளைதான். சத்தம் பின்னால் போனது. திரும்பி ஓடினேன். பக்கவாட்டில் போனது. என் சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது. படுதாவை இழுத்துக் கட்டுவது கேட்டது. டிரைவர் இருமுவது கேட்டது. கங்காணி பேர் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு பேராக, ஒவ்வொரு "இருக்கா"வாக. முத்துமாரிக்கும் யாரோ சொன்னார்கள்.

கடைசியாக என் பேர். "செல்வி?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் வண்டியில் ஒரு துண்டுக்குள்ளிருந்து ஒரு குரல் நிதானமாகச் சொன்னது.

"இருக்கா."

வண்டி போய்விட்டது. கியர் மாற்றுவது இரண்டு தடவை கேட்டது. அப்புறம் சொட்டுகிற சத்தம்தான்.

நான் பை பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு எங்கே போனாலும் அங்கேதான் வரப்போகிறேன். கால் மரத்துவிட்டது. வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. ராத்திரி தாங்காது என்று தெரிந்தது. மதினிக்குத் தாங்கவில்லையே. அவளும் இப்படித்தான் கேட்டிருப்பாள், தன் பேரையும், அதற்கு வந்த பதிலையும். இத்தனை நாள் எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள்.

கை சும்மா இருக்கவில்லை. பையிலிருந்து ஒவ்வொரு காயாக எடுத்துக் காம்பைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. கிள்ளிக்கொண்டே பேசினேன்.

"நாந்தான் மதினி சொன்னேன். பக்கத்துல சாக்கு இருந்துச்சு, நீதான்னு நெனச்சுட்டேன். அப்பறம் கேட்டப்ப பயந்துகிட்டு வாயத் தொறக்கல."

குளிர் அப்படியேதான் இருந்தது. நான் தொடர்ந்து காம்பு கிள்ளினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே ஹாரன் அடித்தது. விட்டு விட்டு அடித்தது. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து பையோடு ஏறினேன். நம்பினால் நம்புங்கள், பன்னிரண்டு எட்டு வைத்தேன், அவ்வளவுதான். ரோட்டில் நின்றேன். மஞ்சள் விளக்குப் போட்டுக்கொண்டு ஜீப்பு எதிரே நின்றது. முத்துமாரி அழுதாள். டிரைவர், "செத்த நேரத்துல எங்க எல்லாரையும் கொன்னுட்டியே தாயி" என்றார்.

போடிமெட்டில் டீக்கு நிறுத்தியிருக்கிறார்கள். கங்காணி எப்போதும் போலப் பொம்பளைகளுக்குப் பதினாலு டீ சொல்லியிருக்கிறார். ஒரு கிளாஸ் மிஞ்சியது. ஆறிக்கொண்டே இருந்திருக்கிறது. அப்புறம்தான் எண்ணியிருக்கிறார்கள். என்னை மீட்டது அந்த டீதான். நான் பேசினதாலே என்னை விட்டது என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது.

இறங்கும்போது கங்காணி கேட்டார், யார் செல்விக்குச் சொன்னது என்று. நான் இல்லை, நான் இல்லை என்று பதின்மூன்று பேரும் சொன்னார்கள். முத்துமாரி மட்டும், மூலையில் ஒரு ஆள் சாக்குப் போட்டு உட்கார்ந்திருந்தது, செல்வி அக்காதான் என்று நினைத்தேன், மேல் பட்டபோது ஈரமாக இருந்தது என்றாள். உட்கார்ந்திருந்ததோ, அல்லது பதின்மூன்று பேரில் ஒருத்தி பயந்துகொண்டு வாயை மூடிக்கொண்டாளோ. நானும் அப்படி மூடிக்கொண்டவள்தானே. யாரைப் பார்த்துக் கேட்பது? மதினிக்கு "இருக்கா" சொன்னது நான்தான் என்று அப்போதும் நான் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

மறுநாள் அந்தப் பையை எடை போட்டார்கள். கங்காணி ஒரு பிடி அள்ளினார். நான் கிள்ளாமல் விட்ட காய் காம்போடு இருந்ததை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பெட்டியில் கொட்டச் சொன்னார். அன்றைக்கு அவர் காயா, காம்பா என்று கேட்கவில்லை.

இன்னமும் மலைக்குத்தான் போகிறேன். வேறு சோலி இல்லை. இப்போது சட்டம் மாறிவிட்டது. பேர் சொன்னால் அவளவளே துண்டை அவிழ்த்து "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அடுத்தவள் சொல்லக்கூடாது. வெயில் நாளில் ஒரு குழப்பமும் இல்லை.

இந்த மார்கழியில் மஞ்சு இறங்குகிற நாளில் மட்டும் ஒன்று நடக்கிறது. என் பேர்தான் கடைசி. கங்காணி "செல்வி?" என்பார். உடனே, பதில் காதில் விழுந்த ஆள் மாதிரி, "சரி, வண்டிய எடப்பா" என்பார்.

நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். துண்டை இன்னும் அவிழ்த்திருக்க மாட்டேன்.