மெஷின் நிற்கக் கூடாது

என் பிழைப்பு இப்போது ஒரு பச்சைப் புள்ளியில் இருக்கிறது. கணினித் திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் அது எரிந்தால் நான் உழைக்கிறேன் என்று அர்த்தம். கொஞ்ச நேரம் மௌஸை அசைக்காமல் விட்டால் அது மஞ்சளாகிவிடும். நான் எங்கேயோ போய்விட்டேன் என்று கோலாலம்பூரில் இருக்கும் மேலாளருக்குத் தெரிந்துவிடும். அவருக்கு என் வயதில் பாதி.

ஈஜோக்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வாழைமரங்களை ஒட்டிய தகரக் கொட்டகைதான் என் ஆபீஸ். ஏர்கோன் உண்டு, கொசுவும் உண்டு. இரண்டில் கொசுதான் ஒழுங்காக வேலை செய்கிறது. நான் மதியச் சாப்பாட்டோடு கண் சொருகி முடிந்துபோகிற ஆள்.

போன வாரம் அப்படி முடிந்துபோன ஒரு மதியம், பள்ளி விட்டு வந்த மகளை நாற்காலியில் உட்காரவைத்து மௌஸைக் கையில் கொடுத்தேன்.

"சும்மா ஆட்டிக்கிட்டே இரு. ஒண்ணையும் அமுக்கிடாத."

"ம்மா, இது ஏமாத்துறதுலா."

"இல்லடி, இதுக்குப் பேரு ஓவர்டைம்."

பாயை விரித்துப் படுத்த பிறகுதான் கூரையைப் பார்த்தேன். அதே தகரம். இதே இடத்தில், இதே கூரையைப் பார்த்துக்கொண்டு, முன்பு என் அம்மா படுத்திருந்தாள். நாற்காலியில் நான் இருந்தேன்.

அப்போது இந்தக் கொட்டகையில் அம்மாவின் தையல் மெஷின் இருந்தது. விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு, எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கப் போவாள். மதியம் திரும்பியதும் தைக்க உட்காருவாள். எங்கள் வீட்டில் ஒரு பொம்பளை பகலில் படுப்பதற்கு இரண்டே காரணங்கள்தான் இருந்தன: காய்ச்சல், பிரசவம். மற்றபடி சும்மா இருக்கிறாள் என்று தெரிந்தால் கூப்பிடுவார்கள். தண்ணி, தேங்காய், துணி, தேத்தண்ணி. மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் மட்டும் கூப்பிட மாட்டார்கள்.

வீட்டில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர் பெரிய அத்தை, அப்பாவின் அக்கா. கணவர் இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டவர். இளமையெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியதில் முழங்கால் தேய்ந்துவிட்டது, குரல் மட்டும் தேயவில்லை. அடுப்படி ஜன்னலில் நின்றபடி, "மெஷின் நின்னு போச்சு!" என்று அவர் ஒரு சத்தம் போட்டால் அம்மா தூக்கிவாரிப்போட்டு மிதிக்கத் தொடங்குவாள்.

அம்மா கண்டுபிடித்த வழி நான்தான். என் விரலுக்குப் பயந்து ஊசியைக் கழற்றிவிடுவாள். என்னை மெஷினில் உட்காரவைத்து, "மிதி கண்ணு, நிறுத்தாத" என்பாள். துணி மூட்டையில் தலை வைத்த உடனே தூங்கிவிடுவாள். நானும் ஊசி இல்லாத மெஷினில் ஊருக்கே தைத்துத் தள்ளினேன். மழை பெய்தால் எனக்கு லீவு. தகரத்தில் விழும் சத்தத்தில் மெஷின் ஓடுகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு மழை ஏன் அவ்வளவு பிடிக்கும் என்று ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு வருடம், நோன்பு மாதத்தில் ஒரு மதியம். பக்கத்துக் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், இருந்த மக்சிக்கு அம்மாமார்களெல்லாம் பெருநாளுக்கு உடுத்த பாஜு குரோங் தைக்கக் கொடுத்திருந்தார்கள். முந்தின நாள் தூக்கக் கலக்கத்தில் அம்மா ஊசியைத் தன் விரலிலேயே இறக்கியிருந்தாள். துணியில் ரத்தம் படவில்லை என்பதுதான் அவளுடைய ஆறுதல். அன்று படுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை வந்தா உடனே எழுப்பிடு. தெரிஞ்சா தொலைஞ்சோம்."

தொலைவது எதுவென்று எனக்கும் தெரியும். அப்பா செம்பனை லோரி ஓட்டினார். பழைய டயர்களை அடுக்க அவருக்கு நெடுநாளாக இந்தக் கொட்டகை மேல் ஒரு கண். தூங்கவா கொட்டகை என்று அத்தை ஒரு வார்த்தை சொன்னால் போதும், மெஷின் கூடத்துக்குப் போய்விடும். கூடத்தில் அம்மாவால் கண்ணைக்கூட மூட முடியாது.

நான் மிதித்தேன். வீராவேசமாக மிதித்தேன்.

கதவு திறந்தது. அத்தை.

என் கால் நின்றுவிட்டது. அம்மாவை எழுப்ப வாய் வரவில்லை. அத்தை கீழே பார்த்தார். வாய் லேசாகத் திறந்து, விரலில் கட்டுத்துணியோடு, யாரோ ஒரு மக்சிக்கின் பூப்போட்ட துணியில் கன்னத்தை வைத்துக் கிடந்தாள் அம்மா. அத்தை வெகுநேரம் பார்த்தது போல எனக்குத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல். லோரி சீக்கிரம் வந்துவிட்டிருந்தது.

"ஏ புள்ள! மெஷின்தான் நின்னு போச்சே, ஒரு தேத்தண்ணி போடு!"

அத்தை குனிந்து என் காதருகே சொன்னார்: "மிதிடி."

மிதித்தேன்.

"அப்படி ரயில் ஓட்டுற மாதிரி இல்லடி, நெசமா தைக்கிற மாதிரி. நின்னு நின்னு மிதி."

பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே போய், கம்பம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"அவ தைக்கிறா, காதுல விழல? இருடா, நான் போடறேன். இந்த வீட்டுல ஒருத்தி மெஷின்லயே உக்காந்துட்டா மத்த வேலைய யாரு பாக்குறது? என் முட்டிதான் கெடச்சுது!"

நான் நின்று நின்று மிதித்தேன். அம்மா எழுந்தபோது வெயில் வாழைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. பதறிப்போய் முகத்தைத் துடைத்தபடி கேட்டாள்.

"அத்தை வந்தாங்களா?"

"இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வந்ததைச் சொன்னால் எழுப்பாததற்கு அடி விழும் என்ற கணக்காக இருக்கலாம். அம்மா பெருமூச்சு விட்டு ஊசியை மாட்டினாள்.

அத்தை அப்பாவிடம் சொல்லும் வேளைக்காகப் பல நாள் காத்திருந்தேன். சொல்லவே இல்லை. அத்தைக்கு மறதி வந்துவிட்டது என்று முடிவு செய்து, அம்மா தப்பித்தாள் என்று சந்தோஷப்பட்டேன். அம்மாவும் கடைசிவரை அத்தையை ஏமாற்றிவிட்டதாகவே நினைத்திருந்தாள்.

அம்மா தூங்கி எழுந்த அதே சாயங்காலம் நாங்கள் அடுப்படிக்குள் நுழைந்தபோது அத்தை முதுகைத் திருப்பிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அது அம்மாவின் வேலை. எங்களைப் பார்க்காமலே முணுமுணுத்தார். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நானும் கண்ணடித்தேன்.

அடுப்பின் ஓரத்தில், சாம்பல் சூட்டில், அம்மாவின் குவளை மட்டும் நிறையத் தேத்தண்ணியோடு இருந்தது. மேலே ஒரு தட்டு கவிழ்த்திருந்தது. ஈ விழாமல் இருக்க மூடியிருக்கிறார் என்று நினைத்தேன்.