கையுறைக்குள் வெடிப்பு

அந்தப் பல் மருத்துவமனையில் எல்லோரும் அவளைக் குருவி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் அவ்வளவு சின்னது. ஓர் இடத்தில் நிற்கவும் மாட்டாள். டாக்டரம்மா பல்லைப் பார்க்கும்போது பக்கத்தில் நின்று, நோயாளியின் வாயில் ஊறும் எச்சிலையும் ரத்தத்தையும் குழாயால் உறிஞ்சி எடுப்பது அவள் வேலை. ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னும் பின்னும் கை கழுவுவாள். விரலிடுக்கு, நகக்கண் எதையும் விடமாட்டாள். "கையைக் கழுவுறியா, கழட்டி வைக்கப்போறியா?" என்று டாக்டரம்மா கேலி செய்வார்.

அந்தக் குளிர்காலத்தில் சோப்பு அவள் கையைத் தின்றுவிட்டது. தோல் உரிந்து, விரல் மடிப்புகளில் வெடிப்பு கண்டது. சொன்னால் ஆறும்வரை வீட்டில் இரு என்பார்கள். அதற்குள் வேறொருத்தி வந்து உட்கார்ந்துவிட்டால்? கையுறை மாட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஒருநாள் ஒரு தையல்காரர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தார். "வேற வியாதி ஏதாவது இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

பல் பாதியில் உடைந்தது. வலியில் மனிதர் துள்ள, உறிஞ்சு குழாய் நழுவியது. பிடிக்கப்போன குருவியின் கையுறை கருவி ஒன்றின் முனையில் மாட்டிக் கிழிந்தது. தோலில் குத்தவில்லை. ஆனால் உள்ளே வெதுவெதுப்பாக நனைந்தது. கழற்றிப் பார்த்தாள். வெடிப்பெல்லாம் ரத்தம். அவளுடைய ரத்தம் இல்லை.

குழாயடிக்கு ஓடினாள். டாக்டரம்மா தையல்காரரின் வாயில் பஞ்சை வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தார்.

"பிதுக்காதே. சோப்பும் தண்ணியும் போதும்." அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தார். "என்னடி இது? எத்தனை நாளா இப்படி இருக்கு?"

குருவி குழாயை இன்னும் திறந்துவிட்டாள்.

"மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட்டிருக்கே இல்ல?"

"போட்டேம்மா. அது உடம்புல பிடிச்சுதான்னு டெஸ்ட் எடுக்கலை."

டாக்டரம்மா தையல்காரரிடம் நடந்ததைச் சொல்லி, ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதம் கேட்டார். அவர் முகம் வெளுத்தது. வாய்க்குள் பல்லின் வேர் அப்படியே இருக்க, பஞ்சைக் கடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அழைத்தால் அவர் போன் அணைந்திருந்தது.

குருவியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ரத்தம் எடுத்தார்கள். அந்த மனிதருக்கு என்ன இருக்கிறது என்று தெரியாததால், முன்னெச்சரிக்கையாக எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையும் கொடுத்தார்கள். முடிவு மறுநாள் வரும் என்றார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் ஓடிவந்தாள். "தொடாதே!" என்று குருவி அலறினாள். குழந்தை அப்படியே நின்று, பிறகு உதடு பிதுங்கி அழுதது.

சுவருக்கு வண்ணம் அடிக்கும் அவள் கணவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டான்.

"எனக்கு ஏதாவதுன்னா உங்களுக்கும் வருமேங்க. பிள்ளைக்கு..." என்றாள், குழாயடியில் கையைத் தேய்த்தபடி.

"வந்தா பாத்துக்கலாம். முதல்ல அந்தக் குழாயை மூடு. தேய்ச்சுத் தேய்ச்சு மறுபடி ரத்தம் வருது பாரு."

அவன் குரலும் நடுங்கியது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

காலையில் பல் மருத்துவமனை வாசலில் தையல்காரர் நின்றுகொண்டிருந்தார். கன்னம் வீங்கியிருந்தது.

"தங்கச்சி, எனக்குக் கல்லீரல்ல கிருமி இருக்கு. மஞ்சள் காமாலையில பி-ன்னு சொல்வாங்களே, அது. இதுக்கு முன்னாடி போன இடத்துல எல்லாம் உண்மையைச் சொன்னேன். நாற்காலியிலயே உக்கார விடலை. வலி உயிரை எடுத்துது. அதான் மறைச்சிட்டேன்."

அவரை அறைய வேண்டும்போல இருந்தது குருவிக்கு. ஓடிவிட வேண்டும்போலவும் இருந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"சொல்லியிருந்தா பிடுங்கியிருப்பீங்களா?"

"பிடுங்கியிருப்பேன்" என்றார் உள்ளேயிருந்து வந்த டாக்டரம்மா. "இங்க யார் வந்தாலும் கருவியைக் கொதியாவியில வச்சுத்தான் எடுக்கறோம், கையுறை போட்டுத்தான் தொடறோம். நீங்க மறைச்சதும் தப்பு, இவ மறைச்சதும் தப்பு."

அவர் தலைகுனிந்து பரிசோதனைக்குக் கையை நீட்டினார்.

மாலையில் முடிவு வந்தது. தடுப்பூசி குருவியின் உடம்பில் நன்றாகவே பிடித்திருந்தது; அந்தக் காமாலைக் கிருமி அவளை ஒன்றும் செய்யாது. தையல்காரர் ரத்தத்தில் வேறு கிருமி எதுவும் இல்லை. மாத்திரையை நிறுத்தலாம் என்றார்கள். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"உன் வேலை எங்கேயும் போகாது" என்றார் டாக்டரம்மா. "ஆனா புண்ணோட இன்னொரு தடவை கையுறை மாட்டினே, நானே உன்னைத் துரத்திடுவேன்." களிம்பு கொடுத்தார். சோப்பை மாற்றினார்.

கை ஆறி அவள் திரும்பியபோது, தையல்காரரின் வீக்கமும் வடிந்திருந்தது. மிச்ச வேரை எடுக்க வந்தார். "வேணும்னா நீ வெளியே இரு" என்றார் டாக்டரம்மா. குருவி தலையாட்டி மறுத்தாள். ரத்தம் கசிந்தபோது குழாயை அருகில் கொண்டுபோனாள். குழாய் பல்லில் பட்டுக் கடகடத்தது. அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். வேர் வந்தது.

பஞ்சை அதக்கிக்கொண்டே அவர் அவளிடம் என்னவோ சொல்ல முயன்றார். ஒன்றும் புரியவில்லை.

"பேசாதீங்க அண்ணே, ரத்தம் வரும்" என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டு, அவர் இறங்கிப் போவதற்குக் கதவைத் திறந்துவிட்டாள்.