உலகம் முடிய ஊரிலிருந்து உத்தரவு வரவில்லை

பினாங்குத் தெருவில் இருந்த அந்தச் செட்டியார் கிட்டங்கியில் நீளமான ஒரே கூடம். தேவகோட்டைப் பக்கத்து முதலாளிகளுக்காக வட்டிக்கடை நடத்தும் மேலாட்கள் பலர் இருபுறமும் ஆளுக்கொரு மரப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காத்தமுத்து, அந்த மேலாட்களில் ஒருவரான சாத்தப்பன் செட்டியாரின் கடைக்குச் சமையலாள். செட்டியாருக்குக் கண் மங்கிப்போனதால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாரப்பத்திரிகை வாசித்துக் காட்டுவதும் அவர் பொறுப்பு.

மூன்றாம் வகுப்புப் படிப்புதான். ஆனாலும் கையைக் கழுவித் துடைத்த பிறகே பத்திரிகையைத் தொடுவார். வரிக்கடியில் விரலை ஓட்டி, ஒரு எழுத்தையும் விழுங்காமல் வாசிப்பார். ‘பினாங்கில் பிரளயம்’ என்ற தொடர்கதை வந்ததிலிருந்து அந்த விரல் இன்னும் மெதுவாக நகர்ந்தது. புனைபெயரில் அதை எழுதியவன் அவர் தம்பி ராமதாஸ், துறைமுகக் குமாஸ்தா. இது அண்ணனுக்கு மட்டுமே தெரியும்.

முதல் வாரத்தில் எமதூதர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். அம்மை குத்தவில்லை என்று அவர்களை ஜெரஜாக் தீவுத் தொற்றுநோய் முகாமில் அடைத்துவிட்டதால் பிரளயம் தள்ளிப்போனது. அடுத்த வாரம் கடல் பொங்கியது. ஊரே மலை ரயிலுக்கு ஓட, டிக்கெட் கொடுப்பவர் சாப்பிடப் போயிருந்தார். கூடம் முழுதும் சிரித்தது. காத்தமுத்துவோ தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இந்த வாரம் வெள்ளம் ஒரு கிட்டங்கிக்குள் புகுந்தது.

“‘மேலாள் பெட்டிமேல் ஏறி மிதந்தார். மிதந்தபடியே பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார்...’”

காத்தமுத்துவின் குரல் இறங்கியது. எதிரே சாத்தப்பன் செட்டியாரின் கை பூட்டின்மேல் இருந்தது. இதற்குமேல் வாசித்தால் அடுப்படி வேலையே போய்விடும். தாண்டிவிடலாம், செட்டியாருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் தம்பி எழுதிய வரியைத் தாண்ட நாக்கு மறுத்தது.

“என்னப்பா, நிறுத்திட்டே?”

“ஒண்ணுமில்லைங்க.” விரல் நகர்ந்தது. “‘எமதூதன் கயிற்றை வீசினான். மேலாள் கையைக் காட்டித் தடுத்தார். “நானா முடிவு பண்ண முடியாதப்பா. தேவகோட்டையில முதலாளிக்குத் தந்தி அடி. உத்தரவு வரட்டும், வர்றேன். அதுவரை அப்படி ஓரமா நில்லு” என்றார். எமதூதனும் நின்றான்.’”

காத்தமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

சாத்தப்பன் செட்டியாரின் தொந்தி முதலில் குலுங்கியது. பிறகு அவரே குலுங்கினார்.

“அடப்பாவி! அப்படியே நம்ம சொக்கநாதன்!”

எதிர்ப்பெட்டி மேலாள் சொக்கநாதன் செட்டியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நானா? உப்பு வாங்கக்கூட ஊருக்குக் காயிதம் போடுறது யாருண்ணே?”

“எழுதினவன் இந்தக் கூடத்தைப் பார்த்தவன்தான். யாருப்பா அவன், காத்தமுத்து? கெட்டிக்காரனா இருக்கானே!” என்றார் சாத்தப்பன் செட்டியார்.

சொல்லக்கூடாது. தம்பி சத்தியம் வாங்கியிருந்தான். ஆனால் ‘கெட்டிக்காரன்’ என்ற சொல் காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“என் தம்பிங்க ஐயா. கூடப் பிறந்தவன்.”

சாத்தப்பன் செட்டியார் அவர் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். “அப்ப நல்லதாப் போச்சு. அடுத்த வாரம் அந்த மேலாளைக் கடல்ல முக்கிடச் சொல்லு. பெட்டியோட போகட்டும்.”

“சரிங்க ஐயா.”

அடுக்களைக்குள் போனவர் ரசத்தை அடுப்பில் ஏற்றினார். வாசலில் நிழல் தட்டியது. சொக்கநாதன் செட்டியார்.

“காத்தமுத்து, தம்பிகிட்ட ஒண்ணு சொல்லணுமே. சாத்தப்பண்ணனை முக்கிறதுன்னா கொஞ்சம் மெதுவா முக்கச் சொல்லு. ரெண்டு மூணு வாரம் வரட்டும்லா.”

“சரிங்க.”

அவர் நகர்ந்ததும் காத்தமுத்து முந்தாநாள் இரவை நினைத்தார். அடுத்த வாரக் கதை அச்சுக்குப் போயாயிற்று என்று ராமதாஸ் சொல்லியிருந்தான். அதில் ஊரே முழுகி, ஒருவர் மட்டும் பிழைக்கிறாராம். யார் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. “நீங்களே வாசிங்கண்ணே” என்று சிரித்தான்.

கதையில் தேவகோட்டைத் தந்தி இன்னும் வரவில்லை. எமதூதன் ஓரமாக நிற்க, மேலாள் மட்டும் மிதந்துகொண்டே இருக்கப்போகிறார்.

காத்தமுத்து அம்மிமேல் உட்கார்ந்துவிட்டார். துண்டை வாயில் திணித்தும் சிரிப்பு அடங்கவில்லை. ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. அந்த அடுக்களையில் அப்படி நடந்ததே இல்லை. எழுந்து இறக்கத்தான் நினைத்தார், முடியவில்லை.