ரிங் உட்கார்ந்த கதை

கல்கத்தா கிடர்பூரில் எங்கள் குடியிருப்புக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பம் முதலில் பார்க்கும் முகம் சந்தானத்துடையது. போகும்போது கடைசியாகப் பார்ப்பதும் அதே முகம்தான். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர், பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கி வீட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று கேட்டால், "முன்சீட்டுல ரெண்டு பேருக்குத்தான் இடம். வர்றவ அவ அம்மாவையும் கூட்டிட்டு வந்துட்டா?" என்பார். மெக்கானிக் தாபஸ் அவரை 'ஷொந்தான் தா', அதாவது சந்தானம் அண்ணா, என்று கூப்பிடுவான். வங்காளியிலும் ஷொந்தானுக்குப் பிள்ளை என்றுதான் அர்த்தம். பிள்ளை குட்டி இல்லாத மனுஷனுக்கு இரண்டு பாஷையிலும் அந்தப் பெயர்.

போன மழைக்காலத்தில் இன்ஜின் எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது. தாபஸ் அதைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டனும் அதைச் சுற்றி மாட்டும் ரிங்கும் போட்டுக் கொடுத்தான். ஸ்டார்ட் செய்தால் பழையபடி நீலப் புகை. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது என்று சந்தானத்துக்கே தெரியும். எண்ணெய் அதிகமாகிவிட்டதோ என்று அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார், அளவு சரி. ஏர் ஃபில்டரை மாற்றினார். புகை அசைந்து கொடுக்கவில்லை.

போனில் தாபஸ் சொன்னான்: "ரிங் பொஷேனி, தாதா. பொஷாதே ஹோபே."

ரிங் இன்னும் உட்காரவில்லை, உட்கார வைக்க வேண்டும் என்பது அதன் அர்த்தம். எத்தனையோ வருஷம் கல்கத்தாவில் இருந்தும் சந்தானத்தின் வங்காளி காய்கறிக் கடையைத் தாண்டாதது. வண்டியை உட்கார வைக்கச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் கேட்டருகே வண்டியை நிறுத்தி, இன்ஜினை மட்டும் மெல்ல ஓடவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டுத் தானும் உட்கார்ந்துவிடுவார். பேச ஆளில்லாதவருக்கு அந்தச் சத்தமும் பிடித்திருந்தது போலிருக்கிறது.

புகை கூடியது. எங்கள் தெருக் கொசுக்கள் மூட்டை கட்டிக்கொண்டு நகரத்தின் மறுகோடியில் சால்ட் லேக்கில் குடியேறின. அந்தப் பக்கத்துக்காரர்கள் இன்றைக்கும் எங்களைத்தான் திட்டுகிறார்கள். வெள்ளைச் சீருடையில் முக்கில் நின்ற டிராஃபிக் சார்ஜென்ட் மத்தியானத்துக்குள் ஆகாய நீலமாகிவிட்டார். தன்னை வேறு இலாகாவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து அவர் கண்கலங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

புகைச் சோதனையில் வண்டி தோற்றது. சர்டிஃபிகேட் இல்லாமல் வாடகைக்கு யார் கூப்பிடுவார்கள்? "பழைய இரும்புக்குப் போட்டுடலாமான்னு பாக்கறேன்" என்று தமிழரசியிடம் சொன்னார். மாடிவீட்டுத் தூத்துக்குடிப் பெண். போகிற போக்கில் கையசைக்கும் என்னை விட்டால், அவரோடு தினம் தமிழ் பேச மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான்.

"போங்க அண்ணாச்சி. இரும்புக்குப் போட்டுட்டு யாரு பக்கத்துல ஸ்டூல் போடுவீங்களாம்? காப்பி ஆறுது, குடிங்க. வண்டிக்கும் ஒரு டம்ளர் கொண்டாரவா?"

"அது எண்ணெய் குடிக்கிறது பத்தாதாம்மா?"

அந்த வழியாக வந்த தாபஸ் இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "தாதா, உட்கார வேண்டியது ரிங்! வண்டி இல்லை, நீங்களும் இல்லை!" சும்மா ஓடவிட்டால் புது ரிங் சிலிண்டரோடு பொருந்தாமல் வழுக்கிக்கொண்டேதான் இருக்கும், பாரம் ஏற்றி மேட்டில் மிதித்தால்தான் உட்காரும் என்று இந்தியும் வங்காளியும் கலந்து விளக்கினான். கல்கத்தாவில் மேடு ஏது? ஹூக்ளிப் பாலம்தான்.

"பாரத்துக்கு எங்கடா போவேன்?" என்றார் சந்தானம்.

தமிழரசி மாடியில் தன் வீட்டுப் பக்கம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "எங்க வீட்டுச் சாமான் இருக்கே அண்ணாச்சி" என்றாள். அவள் புருஷன் ஸ்ரீநாத்துக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்திருந்தது. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஒரு வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தாளாம்.

சந்தானம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "கிரைண்டரை முதல்ல இறக்கச் சொல்லும்மா. நல்ல கனம்."

ஹவுராப் பக்கம் தூலாகர் லாரி கோடவுனில் சாமானைச் சேர்க்க வேண்டும். ஏற்றிவிட ஸ்ரீநாத் ஆள் அனுப்பியும், கட்டிலையும் பீரோவையும் கயிறு போட்டுக் கட்டியது அவரேதான். முதல் நடையில் பாலத்து ஏற்றத்தில் நீலப் புகை கிளம்பி, கீழே ஆற்றில் போன கப்பல் ஒன்று வழி தெரியாமல் சங்கு ஊதியது. இரண்டாம் நடையில் புகை இளைத்தது. கடைசி நடையில் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் வானம் மட்டும் இருந்தது. சொல்ல வேண்டுமென்று பக்கத்து சீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறார். அங்கே தமிழரசி கொடுத்துவிட்டுப் போன துளசித் தொட்டி உட்கார்ந்திருந்தது.

மறுநாள் சோதனையில் வண்டி தேறியது. அதற்கடுத்த நாள் காலை கேட்டருகே ஸ்டார்ட் செய்து, புகைக்குழாய் முன்னால் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. மாடியில் பூட்டு தொங்கியது. எனக்குக் காட்டினார், நன்றாக இருக்கிறது என்றேன். நான் சொல்லி என்ன?

அப்போது போன் அடித்தது. விசாகப்பட்டினத்திலிருந்து அவள்.

"அண்ணாச்சி, புகை நின்னுச்சா?"

சந்தானம் என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்பது போல விரலை உதட்டில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா" என்றார். "நாளைக்குக் கூப்பிட்டுக் கேளு."