பாலத்தைப் பார்க்காத ஆப்

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் போன் ஒரு பொய் சொன்னது. சின்னப் பொய் இல்லை... ஒரு முழுப் பாலத்தையே விழுங்கிய பொய். அதை நம்பி நாங்கள் மூன்று பேர் மட்டாஞ்சேரியிலிருந்து சைக்கிளில் கிளம்பிவிட்டோம்.

யார் அந்த மூன்று பேர்? நான், என் கணவர், எதிர்வீட்டு ஆனந்தி.

என் கணவரைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியில் முன்பே புலம்பியிருக்கிறேன். ஆடிட் ஆபீஸ்காரர். வாயில் பொய்யே வராது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் பெண்ணின் அப்பா வந்து, "சாப்பாடெல்லாம் எப்படி?" என்று ஆசையாகக் கேட்பார். "சாம்பார்ல உப்பு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுத் தாம்பூலப் பையை வாங்கிக்கொள்வார் இவர். நான் பின்னாலேயே நின்று சிரித்துச் சமாளிக்க வேண்டும்.

ஆனந்தி அப்படியே நேர் எதிர். கலகலப்பு. நான் அவளுக்குச் சேச்சி, அதாவது அக்கா; என் கணவர் சேட்டா, அண்ணன். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்த குடும்பம். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. விடிவதற்குள் தெருவில் இறங்கிவிடுவாள். தமிழ் பேசுவாள், ஆனால் படிக்கத் தெரிந்தது மலையாளம்தான். ஆகவே அவளைப் பற்றிய இந்தப் பத்தியை நான் வாசித்துக் காட்டித்தான் அனுமதி வாங்கியிருக்கிறேன். "பாலத்துல நான் திட்டினதை மட்டும் எழுதண்டா சேச்சி" என்றாள். பார்க்கலாம்.

பெண்களுக்கென்று மைதானத்தில் நடந்த வகுப்பில் சேர்ந்து, இந்த வருஷம்தான் சைக்கிள் கற்றுக்கொண்டாள். நாற்பது தாண்டிய வயதில்! முதல்முறை விழாமல் ஒரு சுற்று வந்த அன்று, அந்தச் சந்தோஷத்திலேயே ஒரு நேர்ச்சையும், அதாவது வேண்டுதலும், வைத்துவிட்டாள். நர்ஸிங் முடித்த மகளுக்கு வேலை கிடைத்தால், வல்லார்பாடம் மாதா கோயிலுக்கு சைக்கிளில் வந்து முற்றம் பெருக்குகிறேன் என்று. அங்கே அது வழக்கம். எந்த மதத்துக்காரர்களும் வருவார்கள், துடைப்பத்தை வாங்கி முற்றத்தைப் பெருக்கி நேர்ச்சையை முடிப்பார்கள்.

மாதா உடனே கேட்டுவிட்டாள். மகளுக்கு வேலை கிடைத்தது. ஆனந்திக்குத் தூக்கம் போனது.

காரணம் பாலம். மாதா கோயில் இருப்பது காயலுக்கு நடுவே ஒரு தீவில். மண்ணெல்லாம் கடல் மட்டத்தில் கிடக்கிற ஊர் எங்கள் ஊர். இங்கே மேடு என்று ஒன்று இருந்தால் அது பாலம்தான். சமதளத்தில் ஆனந்தி நன்றாகவே ஓட்டுவாள். ஏற்றத்தில் வேகம் குறைந்தால் ஹேண்டில் ஆடும். பின்னால் வண்டி வந்தால் இன்னும் ஆடும். அப்படி ஒருமுறை தோப்பும்படியில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டவள். அதிலிருந்து பாலம் என்றாலே பயம்.

"மாதாகிட்ட சொல்லியாச்சு சேச்சி. பஸ்ல போய் இறங்கினா ஷரியாவுமா?" என்று என்னிடம் கேட்டாள். மகளின் சந்தோஷத்தைக்கூட அவளால் முழுசாக அனுபவிக்க முடியவில்லை.

"பாலமில்லாத வழி கண்டுபிடிச்சாப் போச்சு" என்று என் கணவர் களத்தில் இறங்கினார். போனில் மூன்று மேப் ஆப்களை இறக்கினார். எங்கள் வீட்டு ஹால் ஆடிட் ஆபீஸ் ஆனது.

சைக்கிள், நடை இரண்டுக்கும் வழி போட ஆப் தேடிய வாசகர்கள் இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

முதல் ஆப், எல்லோர் போனிலும் இருக்கும் வகை. கார் போகிற வழியையே சைக்கிளுக்கும் தூக்கிக் கொடுத்தது. எர்ணாகுளம் நகரத்துக்குள் சுற்றி, பாலம், பாலம், மறுபடியும் பாலம்! நடைக்கு வைத்துப் பார்ப்போம் என்று ஒரு மாலை நானும் அவரும் அது காட்டிய சந்தில் போனோம். சந்து நேராக ஒரு மசாலா கிடங்கின் முற்றத்தில் போய் முடிந்தது. அங்கே சுக்கு காய்ந்துகொண்டிருந்தது. "எல்லாரும் போனைப் பாத்துத்தான் இங்க வராங்க" என்று வாட்ச்மேன் அலுப்போடு கேட்டைத் திறந்துவிட்டார். எனக்கு அதுவும் ஒரு நல்ல நடையாகத்தான் இருந்தது. வீடு வரை புடவையில் சுக்கு வாசம்.

இரண்டாவது, மற்ற சைக்கிள்காரர்கள் போன தடங்களைச் சிவப்புக் கோடுகளாகக் காட்டும் ஆப். கூட்டம் அதிகம் போன வழி அடர் சிவப்பு. என் கணவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஃபோர்ட் கொச்சி கரையிலிருந்து ஒரு சிவப்புக் கோடு தண்ணீருக்கு நடுவிலேயே போய் எதிரே இருக்கும் வைப்பின் தீவில் ஏறியது. "தண்ணி மேல சைக்கிள் ஓட்டிருக்கானுங்களா?"

எட்டிப் பார்த்த ஆனந்திதான் கைகொட்டிச் சிரித்தாள். "ஜங்கார் சேட்டா, ஜங்கார்!" வண்டிகளையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு அக்கரை சேர்க்கும் படகு. போனை அணைக்காமல் சைக்கிளோடு அதில் ஏறியவர்கள் போட்ட கோடு அது!

அட, எங்களுக்கு இது தோன்றவே இல்லையே... ஜங்காரில் வைப்பின், அங்கிருந்து வல்லார்பாடம். குறுக்கே ஒரே ஒரு பாலம்தான்.

அந்த ஒரு பாலம்?

அதற்குத்தான் மூன்றாவது ஆப். நாம் விரலால் வழியை வரைந்தால் போதும். எங்கே ஏற்றம், எங்கே இறக்கம் என்று கீழே ஒரு கோடு போட்டுக் காட்டும். நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். என் கணவர் மட்டாஞ்சேரியில் விரலை வைத்து வல்லார்பாடத்தில் எடுத்தார். கீழே கோடு... துவைத்து இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி சமமாகக் கிடந்தது.

"பாலம் உண்டில்லே சேட்டா?" என்றாள் ஆனந்தி சந்தேகமாக.

"இருக்கு. ஆனா ஏத்தமே இல்லைன்னு போட்டிருக்கு பாரு."

எனக்கும் அந்தப் பாலம் தெரியும். எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஏற்றம் காலிலா தெரிகிறது? போதாததற்கு, சொல்வது யார்... சாம்பார் உப்பையே மறைக்காத மனுஷன். ஆனந்தி நம்பினாள். நானும் நம்பினேன்.

ஞாயிறு காலை ஜங்காரில் நல்ல காற்று. அக்கரையில் இறங்கி, ஆனந்தி மலையாளப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே முன்னால் ஓட்டினாள். அப்புறம் ஒரு வளைவு. பாலம் எதிரே வந்தது.

வந்தது என்றால்... வானத்தைப் பார்க்க எழுந்து நின்றது.

ஆனந்தி சைக்கிளை ஓரமாக நிறுத்தி ஒரு காலை ஊன்றினாள். "சேட்டா, இதானா அந்த நேர்கோடு?"

என் கணவர் போனைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். மறுபடியும் போன். நாங்கள் நிற்கிற இடம் நீலப்புள்ளியாகச் சரியாகவே தெரிந்தது. கோடும் சமமாகவே கிடந்தது. அவர் முகம் சுண்டிவிட்டது. "மேலேருந்து அளக்கும்போது பாலத்தை விட்டுட்டு அடியில இருக்கற தண்ணியை அளந்திருக்கு போல" என்றார். தண்ணீர் சமமாகத்தானே இருக்கும்? ஆப் அளந்ததில் தப்பே இல்லை. நாங்கள் என்ன மீனா?

"இறங்கித் தள்ளிட்டுப் போயிடலாம் ஆனந்தி. மாதா ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றேன்.

"சவிட்டி வரும்னுதான் சொன்னது சேச்சி. தள்ளி வரும்னு சொல்லலை." சவிட்டுவது என்றால் மிதிப்பது. பெடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கிவிட்டது. திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். எனக்கு அந்த நிமிஷம் என் கணவர் மேல் வந்த கோபம் இருக்கிறதே!

அவள் திரும்பவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மிதித்தாள். பின்னால் வண்டி இடிக்காமல் இருக்க நான் அவளை ஒட்டி, என்னை ஒட்டி என் கணவர்.

கால்வாசி ஏறியதும் ஹேண்டில் ஆட ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்தா ஒரு பஸ் வர வேண்டும்? காது கிழிய ஹாரன். அவ்வளவுதான், விழுந்தாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆனந்தி விழவில்லை. தலையைத் திருப்பாமலே அந்த டிரைவரைத் திட்ட ஆரம்பித்தாள். சுத்த மலையாளத்தில். என்ன திட்டினாள் என்பதை, கேட்டுக்கொண்டபடி, எழுதவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மிதி விழுந்தது. பஸ் ஒதுங்கிக் கடந்துபோன பிறகும் திட்டு நிற்கவில்லை. திட்டு தீர்ந்தபோது அவள் உச்சியில் இருந்தாள்!

அப்புறம் இறக்கம். பெடலைத் தொடாமல் அவள் பறந்தாள். "சேச்சீ..." என்று ஒரு கூச்சல். இரண்டு பக்கமும் காயல், துறைமுகத்தின் பெரிய கிரேன்கள், முகத்தில் உப்புக் காற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறொருத்தி பாலம் ஏறியதற்கு நான் ஏன் இவ்வளவு சந்தோஷப்பட வேண்டும்? தெரியவில்லை. பட்டேன்.

கோயில் முற்றத்தில் மற்றவர்கள் பேருக்கு நாலு பெருக்குப் பெருக்கிவிட்டு நகர்ந்தார்கள். ஆனந்தி துடைப்பத்தின் கட்டைத் தட்டிச் சரிசெய்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூலையிலிருந்து ஆரம்பித்தாள். தினமும் செய்கிற வேலைதான். ஆனால் அன்று முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு வெளியே சாயாக் கடை. என் கணவர் பழம்பொரியைத் தொடவில்லை. போனை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த ஆப்பை டெலீட் பண்ணப் போறேன். தப்புத் தகவல்" என்றார்.

"ஐயோ வேண்டாம் சேட்டா!" ஆனந்தி போனைக் கையால் மூடினாள். "அது உள்ளதைச் சொல்லியிருந்தா நான் வீட்டை விட்டே இறங்கியிருக்க மாட்டேன், கேட்டோ. எனக்கு இது மதி, இது போதும்."

ஆகவே, எந்த ஆப் நல்லது என்று கேட்கும் வாசகர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். வழி தெரியாதவர்களுக்குச் சரியாகச் சொல்லும் ஆப் வேண்டும். வழி தெரிந்தும் பயப்படுகிறவர்களுக்கு? எங்கள் வீட்டில் மூன்றையும் வைத்திருக்கிறோம்.

சாயா முடிந்தது. ஆனந்தி சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, குறும்பாகக் கேட்டாள். "திரும்பிப் போற வழி எப்படி சேட்டா?"

என் கணவர் போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"சமதளம்தான் ஆனந்தி. ஏத்தமே இல்லை."