தோழிக்காக ஒரு தொலைபேசி அழைப்பு

2020ஆம் ஆண்டின் வசந்த காலம். கொரோனாவால் சுவிற்சர்லாந்தில் உணவகங்கள், அழகு நிலையங்கள், மண்டபங்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. நானும் கணவரும் டீட்டிகோன் என்ற ஊரில் இருந்தோம். மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள்.

மணப்பெண் அலங்காரம் என் தொழில். திருமணம், பெண் பிள்ளை பெரியவளானதும் வைக்கிற சாமத்திய வீடு என்று எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களுக்குத் தலை பின்னி, பூ வைத்து, சேலை உடுத்திவிடுவேன். ஒரு தமிழ்க் கடையின் பின்பக்கத்தில் சிறிய அறை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தேன். அங்கே எந்நேரமும் கருவாட்டு மணம் வரும். மணப்பெண்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டே உட்காருவார்கள். ஆனாலும் ஆளுயரக் கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் உள்ள இடம். அதைக் கைவிட்டால் அந்த வாடகைக்கு இன்னொன்று கிடைக்காது, தொழிலும் அதோடு முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

தொடங்கிய நாளே சுயதொழில் செய்பவள் என்று முறையாகப் பதிந்து, ஓய்வூதியக் காப்புறுதிக்கும் கட்டி வந்தேன். வருமானம் பெரிதாக ஒன்றுமில்லை. வார இறுதிகளில் மட்டும் வருகிற வேலை. ஆடியிலும் மார்கழியிலும் அதுவும் கிடையாது. "பூ வைக்கிறதுக்கும் பதிவோ?" என்று சொந்தக்காரர் சிரிப்பார்கள். ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்யாவிட்டால் எனக்கு நித்திரை வராது. செய்துமுடித்த பிறகு, சரியாகத்தான் செய்தேனா என்று யோசித்தே நித்திரை வராது.

தடை வந்ததும் மணப்பெண் வீட்டார் ஒவ்வொருவராக அழைத்தார்கள். ஒருவரும் திருமணம் நின்றுவிட்டது என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லை எங்கள் ஆட்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். அபசகுனம். "தள்ளி வைச்சிருக்கு பிள்ளை, நாள் பாத்திட்டுச் சொல்லுறம்" என்பார்கள். எந்த நாள் என்று நானும் கேட்பதில்லை. எங்கள் தொழிலில் ஒப்பந்தம் எல்லாம் கிடையாது, வாய்ப்பேச்சுத்தான்.

கணவர் ஓர்லிகோனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். உணவகம் மூடியும் முதலாளி ஊடாக அவருக்குச் சம்பளத்தின் பெரும்பகுதி வந்தது. வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது சரியாகப் போனது. என் அறைக்கு மிச்சமில்லை. கடைக்கார அண்ணை ஒரு மாதம் பொறுத்தார். பிறகு, "தங்கச்சி, இந்த மாதத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்கோ. வேற ஒரு ஆள் அறையைக் கேட்டிருக்கு" என்றார்.

சுயதொழில் செய்பவர்களுக்கு இழந்த வருமானத்துக்காகக் கொடுப்பனவு உண்டு என்று வானொலியில் கேட்டேன். இணையத்தில் தேடி வாசித்தேன். வருட வருமானம் ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் குறைவாக இருந்தால் கிடையாது என்று அதில் ஒரு வரி இருந்தது. என் வருமானம் அதற்குக் கீழே. மேலே வாசிக்காமல் கணினியை மூடிவிட்டேன்.

இன்னொரு பயமும் இருந்தது. இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான சி விசா விண்ணப்பத்தை அந்த வருடம்தான் கொடுத்திருந்தோம். பாடனில் இருக்கும் மச்சாள், கணவரின் அக்கா, விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனார்.

"உந்தக் காசை மட்டும் தொட்டுப் போடாதையும். சோசியல் காசு எடுத்தால் சி விசா தரமாட்டாங்கள்."

"இது சோசியல் இல்லை எண்டு போட்டிருக்கு, மச்சாள்."

"போட்டிருக்கும். எடுத்த பிறகுதான் சொல்லுவாங்கள். பார்சல் பிரிக்கிற இடத்தில விடிய வேலைக்கு ஆள் கேக்கினம், கதைச்சு விடட்டோ? அங்க கருவாட்டு மணமும் இல்லை."

அவர் கெட்டதை நினைத்துச் சொல்லவில்லை. இந்த நாட்டில் அகதியாக வந்து, ஒவ்வொரு விசாவுக்கும் வருடக்கணக்கில் காத்திருந்தவர். அவருடைய பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. கணவர் மட்டும் சிரித்தார்.

"இஞ்சரும், கேட்டால் அடிக்கவே போறாங்கள்? எடுத்துக் கேளும்."

"பேரைக் கேட்டு எழுதி வைச்சால்?"

"அப்ப வேற ஆருக்கோ கேக்கிற மாதிரிக் கேளும்."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். நான் அதையே பிடித்துக்கொண்டேன். அடுத்த நாள் காலை மகளைத் தரையில் விளையாட விட்டுவிட்டு, என் இலக்கம் தெரியாதபடி செய்துகொண்டு, நான் கட்டி வந்த காப்புறுதியின் அலுவலகத்துக்கு அழைத்தேன். நீண்ட நேர இசைக்குப் பிறகு ஒரு பெண் எடுத்தார். நடுத்தர வயது இருக்கும் என்று குரலை வைத்து நினைத்துக்கொண்டேன். ஜெர்மனில் பேசினோம்.

"எனக்கு இல்லை. என் தோழி ஒருத்திக்காகக் கேட்கிறேன்" என்று தொடங்கினேன்.

"சரி. உங்கள் தோழி என்ன தொழில் செய்கிறார்?"

சொன்னேன். தோழிக்கு வருமானம் குறைவு, அதனால் தகுதியில்லை, தெரியும், ஆனாலும் உறுதிப்படுத்தத்தான் அழைத்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"பொறுங்கள், நீங்களே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டீர்களே" என்றார் அவர். "அந்த வருமான வரம்பு, திறந்திருக்க அனுமதி இருந்தும் வேலை இல்லாமல் போனவர்களுக்கு. உங்கள் தோழியின் அறையை மூடச் சொன்னது அரசாங்கம். அவர் செய்யும் கொண்டாட்டங்களுக்கும் தடை. அவருக்கு அந்த வரம்பு கிடையாது."

அடுத்ததாக விசாவைப் பற்றிக் கேட்டேன். சமூக உதவிப் பணம் எடுத்தவள் என்று தோழியின் பெயரில் பதிந்துவிடுமா?

"உங்கள் தோழிக்குக் குழந்தை இருக்கிறதா?"

"இருக்கிறது."

"மகப்பேற்றுக் கொடுப்பனவு வாங்கினாரா?"

"ஓம், வாங்கினேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. 'ஓம்' கூடத் தமிழிலேயே வந்துவிட்டது.  தொலைபேசியை வைத்துவிடலாமா என்று நினைத்தேன். 

"அப்படியென்றால் உங்கள் தோழிக்குச் சொல்லுங்கள்" என்றார் அவர், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல். "இதுவும் அதே காப்புறுதியிலிருந்துதான் வருகிறது. அவரும் அதற்குக் கட்டியிருக்கிறார். இது சமூக உதவி இல்லை. ஏற்றுக்கொண்டிருந்த வேலை நடக்கவில்லை என்பதற்கு ஏதாவது ஒரு கடிதத்தைச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்."

அந்த நேரம் பார்த்து மகள் மேசைக் காலில் தலையை இடித்துக்கொண்டு வீரிட்டாள்.

"தோழியின் குழந்தை அழுகிறது போலிருக்கிறது. முதலில் அவளைத் தூக்குங்கள்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

விண்ணப்பத்தை நிரப்பியபோது அந்தக் கடிதத்தில் வந்து நின்றேன். திருமணம் நடக்கவில்லை என்று யாரிடம் எழுதித் தரச் சொல்லுவது? இரண்டு நாள் தயங்கிவிட்டு, ஓர்லிகோனில் இருக்கும், திருமணம் தள்ளிப்போன ஒரு மணப்பெண்ணின் தாயை அழைத்தேன். நான் 'அன்ரி' என்று கூப்பிடுபவர், நல்ல பழக்கம்.

"கடிதமோ? என்னெண்டு எழுதிறது?"

"அண்டைக்கு... கலியாணம் நடக்கேல்லை எண்டு, அன்ரி."

 பின்னால் குக்கர் விசிலடித்தது.

"என்ர பிள்ளையின்ர கலியாணம் நடக்கேல்லை எண்டு என்ர கையால எழுதச் சொல்லுறீரோ?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி, தெரியாமல் கேட்டிட்டன், விடுங்கோ" என்று அவசரமாகச் சொன்னேன். எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நல்ல ஒரு குடும்பத்தையும் பகைத்துக்கொண்டேனே என்று தோன்றியது. அப்போது பின்னாலிருந்து மணப்பெண்ணின் குரல் கேட்டது. இங்கே பிறந்த பிள்ளை.

"அம்மா, அவவுக்கு வேலை போயிட்டுது. உங்களுக்குச் சகுனமோ?"

"நீ சும்மா இரு. மண்டபக்காரனுக்கே நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"சொல்லாதபடியாத்தான் அவன் இன்னும் அட்வான்சைத் திருப்பித் தரேல்லை!"

 "அக்கா, நான் எழுதி அனுப்புறன்" என்று தொலைபேசியைப் பறித்துச் சொன்னாள் மணப்பெண். தாய் விடவில்லை. பக்கத்தில் நின்றபடியே சொல்லிக்கொடுத்தார்: "எழுதிறதெண்டால் முழுசா எழுது. பிறகு கட்டாயம் நடக்கும், இதே பிள்ளைதான் வந்து சேலை உடுத்தி வெளிக்கிடுத்தும் எண்டும் போடு."

அந்தப் பிள்ளை இரண்டையும் நல்ல ஜெர்மனில் எழுதி, கையெழுத்து வைத்து அனுப்பினாள். அலுவலகத்தில் இருப்பவர் இதை வாசித்து என்ன நினைப்பாரோ என்று எனக்குக் கவலை. அதையும் சேர்த்தே அனுப்பினேன்.

மாத முடிவுக்கு முன்பே அலுவலகத்திலிருந்து சம்மதக் கடிதம் வந்தது. என் வருமானமே சிறியது, தருவது அதில் ஐந்தில் நான்கு பங்கு என்றால் எவ்வளவு இருக்கும்? அறை வாடகையைக் கொடுத்து, மகளுக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கப் போதுமாக இருந்தது. "ஓ, உமக்கும் இப்ப சம்பளம் வருது" என்று கணவர் பகிடி பண்ணினார். நான் சிரிக்கவில்லை. குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய், அறையை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அண்ணையிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும் விடமாட்டியள் எண்டு" என்றார். எனக்கே தெரியாதது அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

அடுத்த வருடம் சி விசாவும் எந்தச் சிக்கலும் இல்லாமல் வந்தது. மச்சாள் ஒரு பெட்டி நிறையப் பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டு வந்து தந்தார். எல்லாருக்கும் இப்படி நல்லபடி முடியவில்லை. தொழிலைப் பதியாமல் வீட்டில் பிளவுஸ் தைத்துவந்த ஒருத்திக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அது எனக்குப் பெரிய மனவருத்தம். பிறகு நானும் அவளும் சேர்ந்திருந்து அவளுடைய தொழிலைப் பதிந்தோம்.

தொலைபேசியில் பேசிய அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லப் பின்னொரு நாள் அழைத்தேன். வேறு யாரோ எடுத்தார்கள். பெயரும் தெரியாமல் எப்படிக் கேட்பது என்று வைத்துவிட்டேன். என் பொய்யைப் பிடித்த அடுத்த நொடியே அதைப் பெரிதுபடுத்தாமல், என்னைத் தலைகுனிய வைக்காமல், எனக்கு உரியதைச் சொல்லித்தந்தவர் அவர். இப்போதும் ஓர் அலுவலகத்துக்கு அழைக்க வேண்டுமென்றால் எனக்குத் தயக்கம்தான். ஆனால் கிடைக்குமா கிடைக்காதா என்பதை அவர்கள் சொல்லட்டும், அவர்கள் சொல்லுமுன் நானே எனக்கு இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என்று நினைத்து, என் பெயரைச் சொல்லியே பேசத் தொடங்குகிறேன்.